தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளும் தமிழ் நாடகமும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்து முத்தமிழ் என்று போற்றுவது நம் முன்னோர் மரபு. இம்மூன்றனுள் இயற்றமிழுக்குப் பல்கலைக் கழகங்களும் நூல் நிலையங்களும் இருக்கின்றன. இசைத்தமிழுக்கு அரங்குகளும் சபைகளும் இருக்கின்றன. நாடகத்தமிழ் ஒன்றே நெடுங்காலம் வீடின்றித் தெருவில் நின்றது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், தமக்கு முன்னிருந்த நாடகத் தமிழ் நூல்களாகிய பரதம், அகத்தியம் முதலியன இறந்தன என்று எழுதிவைத்துப் போயினார். நூல்கள் இறந்தமை ஒருபுறமிருக்க, நடிப்போரின் மதிப்பும் நாளடைவில் இறந்தது. கூத்தாடி என்னும் நல்ல சொல் வசைச்சொல்லாயிற்று. நடிகனுக்குக் குடியிருக்க வீடு கொடாதவரும், பெண் கொடாதவரும் நம் நாட்டில் மிகப் பலராயிருந்தனர்.

இத்தகைய காலத்தில் தோன்றி, நாடகம் எழுதும் புலவராகவும், அதனை நடிக்கும் நடிகராகவும், அதற்குரிய இசையையும் தாளத்தையும் அமைக்கும் வித்துவானாகவும், அனைத்தையும் பிறர்க்குப் பயிற்றும் ஆசிரியராகவும் ஒருவரே விளங்கினார் என்றால் அது வியப்பேயன்றோ? அவர்தாம் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய வாழ்க்கையையும் தொழிலையும், அவர் விட்டுச்சென்ற செல்வம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதையும் ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அவர்க்கு முன்னிருந்த அரங்கு

சுவாமிகள் செய்த பணியின் அளவை அறிய வேண்டுமாயின், அவர்க்கு முன் தமிழ்நாட்டு அரங்கு எவ்வாறிருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பழமையாக இருந்தது தெருக்கூத்து. தருமபுரிச் சீமையில் உள்ளவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வத்தல்மலையின் அடிவாரம் முதலாக இப்பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில், திரௌபதி அம்மன் திருவிழா நடைபெறுங் காலத்துப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் பாரதக் கூத்தும் நிகழ்வதை நம்மிற் பலர் கண்டிருப்போம். மேடையில்லை, ஊர்ப் பொதுவிடமே களரி. இருவர் ஒரு திரைச்சீலையைப் பிடித்து நிற்க, அதன்பின் கிரீடமும் புயக்கட்டைகளும் அணிந்த வேடதாரி நின்று தன் வரவைப் பாடுவான். கட்டியங்காரன் முன்வந்து, வந்தவர் யாரென வினவுவான். மிருதங்கமும் முகவீணையும் தாளமும் முழங்க, பொழுது புலரும்வரை கூத்து நடக்கும். பெண்வேடமும் ஆடவரே புனைவர். இக்கலை இன்றும் உயிரோடிருப்பது நம் நாட்டின் பேறேயாகும். ஆயினும் கூத்தின் பாடம் பெரும்பாலும் வாத்தியாரின் மனத்திலும், அவர் வீட்டு நோட்டுப் புத்தகத்திலும் இருந்ததேயன்றி, ஊரெங்கும் ஒன்றாக வழங்கவில்லை.

அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் கீர்த்தனை வடிவில் எழுந்து பாமரரும் பாடும் பிரசித்தி பெற்றன. அவை பெரும்பாலும் பாடக் கேட்கும் நாடகங்களாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மராட்டிய நாட்டிலிருந்தும் பம்பாயிலிருந்தும் நாடகக் குழுக்கள் தென்னாட்டிற்கு வந்தன. எழுதிய திரைகளும், பக்கத் தட்டிகளும், ஆர்மோனியமும், இந்துஸ்தானி மெட்டுக்களும் அவற்றோடு வந்தன. மக்கள் அவற்றைக் கண்டு மயங்கினர். தமிழ்க் கூத்தரும் கொட்டகைக்குள் புகுந்து, சீட்டு விற்று நாடகம் நடத்தத் தொடங்கினர். கொட்டகையும் திரையும் வந்தன. ஆனால் அவற்றிற்கேற்ற தமிழ் நாடகம் வரவில்லை. கூத்தர் தம் மனத்திற்பட்டதைப் பேசினர், பிழைபடப் பாடினர், கதை ஒருபுறம் செல்ல, விகடன் ஒருபுறம் சென்றான். கற்றோர் முகம் சுளித்து விலகினர்.

இக்குறையை நீக்க இரண்டு வழிகளில் முயற்சி பிறந்தது. முதலாவது, கல்லூரியிற் பயின்றோர் செய்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த பரிதிமாற் கலைஞர் என்னும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலையும், 'ரூபாவதி', 'கலாவதி' முதலிய நாடகங்களையும் இயற்றினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவி, வக்கீல்களும் உத்தியோகஸ்தரும் நடிக்கத்தக்க உரைநடை நாடகங்களை எழுதினார். இவை பெருநகரத்துக் கற்றோர் முயற்சிகள். மற்றொரு வழி, நாடகமே வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவர் நடுவிலிருந்து தோன்றியது. அவ்வழியின் தலைவரே நம் சுவாமிகள். அவர் மேடையேறியதும் அதே 1891-ஆம் ஆண்டையொட்டியே என்பது கருதத்தக்கது.

இளமையும் கல்வியும்

சங்கரன் என்னும் இயற்பெயருடைய இவர் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரர் இராமாயணத்தில் வல்லவர். அதனாற் பலராலும் மதிக்கப்பட்டவர். மைந்தர் முதற்கண் தந்தையாரிடமே தமிழ் கற்றார். பின்னர், வண்ணச்சரபம் எனப் புகழ்பெற்ற பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து யாப்பும் அணியும் பயின்றார். தண்டபாணி சுவாமிகள் சந்தப்பாக்களில் நிகரற்றவர். அவரிடம் பெற்ற பயிற்சியே பிற்காலத்தில் சுவாமிகளின் நாடகப் பாட்டுக்களில் வெண்பாவும் கலித்துறையும் விருத்தமும் சந்தமும் சிந்தும் கீர்த்தனையும் தடையின்றி ஓடுதற்குக் காரணமாயிற்று.

புலமை வயிற்றை நிரப்பவில்லை. ஆதலின் சிலகாலம் உப்புப் பண்டகசாலையொன்றில் கணக்கராக வேலை பார்த்தார். பகலில் மூட்டைக் கணக்கும் இரவில் பாட்டும் என்று சென்ற அவ்வாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. இருபத்துநான்காம் வயதில் அவ்வுத்தியோகத்தைத் துறந்து நாடக உலகம் புகுந்தார். மாதம் பிறந்தால் கையில் விழும் சம்பளத்தை விட்டு, ஊரார் இகழும் தொழிலை ஒரு புலவர் மேற்கொண்டது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

நடிகரும் ஆசிரியரும்

முதலில் அவர் நடிகராகவே மேடையேறினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய அச்சந்தரும் வேடங்கள் அவர்க்கு உரியனவாயின. ஓங்கிய குரலும் நிமிர்ந்த தோற்றமும் அவ்வேடங்கட்கு ஏற்றனவாயிருந்தன. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாகத் தோன்றிய அவரைக் கண்டு பெண்ணொருத்தி அஞ்சி உயிர்துறந்தாள் என்றும், சாவித்திரி நாடகத்தில் எமனாகத் தோன்றியபோது கருவுற்றிருந்த ஒருத்தி பெருந்துன்பம் அடைந்தாள் என்றும், அதுமுதல் அவர் வேடம் புனைவதையே விட்டார் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகின்றது. நடிப்பினின்றும் அவர் விலகி ஆசிரியத் தொழிலையே பற்றி நின்றதும், அதுவே நாடக உலகிற்குப் பெருநன்மையாய் முடிந்ததும் உண்மை.

சாமி நாயுடு என்பாரது நாடக சபையில் அவர் ஆசிரியப் பொறுப்பேற்றார். சிலகாலஞ் சென்றபின் உலகப் பற்று நீங்கித் தலயாத்திரை புறப்பட்டார். இல்லறத்தை மேற்கொள்ளாது, துறவுக் கோலத்தோடு முருகன் திருப்பதிகளைத் தரிசித்துச் சென்றதனாலேயே 'சுவாமிகள்' என்னும் பெயர் அவரைச் சார்ந்தது.

அவ்யாத்திரையின் இடையே புதுக்கோட்டையில் நிகழ்ந்த சந்திப்பு அவருடைய கலைக்கு ஒரு திருப்பமாயிற்று. கஞ்சிராவை இசையரங்கிற்குரிய கருவியாக உயர்த்திய மான்பூண்டியாப் பிள்ளையவர்கள் அங்கிருந்தார். லயத்தில் அவரோடு ஒப்பார் அக்காலத்து அரியர். அவர் சுவாமிகளைத் தம் இல்லத்தில் வைத்து, மகனைப்போற் பேணித் தாள நுட்பங்களைக் கற்பித்தார். தண்டபாணி சுவாமிகளிடம் சொல்லின் சந்தத்தைக் கற்றவர், மான்பூண்டியாப் பிள்ளையிடம் காலத்தின் கணக்கைக் கற்றார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியமையால், பாட்டின் எழுத்தும் தாளத்தின் அடியும் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்கும் நாடக இசை தமிழுக்குக் கிடைத்தது. எழுதத் தெரிந்தவர்க்குப் பாடத் தெரியாது, பாடத் தெரிந்தவர்க்கு எழுதத் தெரியாது என்னும் குறை அவரிடத்தே தீர்ந்தது.

மீண்டும் நாடக உலகம் அவரை அழைத்தது. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர் முதலியோரின் சபைகளில் அவர் ஆசிரியராயிருந்தார். வைத்தியநாதையர் வள்ளியாகவும் பரமேசுவரையர் அல்லியாகவும் வேடம் புனைந்து புகழ்பெற்றவர் என்பதை அவர்தம் அடைமொழிகளே காட்டும். 1910-ஆம் ஆண்டு சுவாமிகள் தாமே 'சமரச சன்மார்க்க நாடக சபை' என ஒன்றை நிறுவினார். பின்னாளில் தம் குரலினால் தென்னாட்டையே கட்டியாண்ட எஸ். ஜி. கிட்டப்பா சிறுவனாய்ப் பயின்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

பாலர் சபை

வளர்ந்த நடிகரோடு பழகிய அநுபவம் சுவாமிகளுக்கு ஒரு பாடம் கற்பித்தது. அவர்களிற் பலர் பாடத்தை நெட்டுருச் செய்யார். மேடையில் தம் விருப்பம்போற் பேசுவர். மதுவுக்கும் பூசலுக்கும் ஆட்பட்டுக் குறித்த நாளில் வாராதும் ஒழிவர். ஆசிரியர் எழுதிய சொல் மேடையில் அப்படியே ஒலிக்க வேண்டுமாயின், வளைக்கத்தக்க இளம்பருவத்திலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்று அவர் கருதினார். ஜெகந்நாதையரின் பாலமீன ரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியராயிருந்த பின், 1918-ஆம் ஆண்டு மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்னும் பாலர் சபையைத் தோற்றுவித்தார்.

பாலர் சபை என்பது நாடகசாலை மட்டுமன்று. பள்ளிக்கூடமும் உணவு விடுதியும் குருகுலமும் ஒன்றாய்ச் சேர்ந்ததோர் அமைப்பு. விடியற்காலையில் எழுந்து பிள்ளைகள் குரல் பயிலுவர்; பின்னர்ப் பாடம் சொல்லிக் கேட்பித்தல்; பின்னர் நடிப்புப் பயிற்சி; இரவு நாடகம். சபை ஊர் ஊராகச் செல்லும். அதனோடு பிள்ளைகளும் செல்வர். சுவாமிகள் சொற்பிழையைப் பொறார். லகர ளகர ழகர வேறுபாடு சிதைந்தால் நாடகமே சிதைந்ததாகக் கொள்வார். எழுத்தறியாத வீட்டுச் சிறுவர் பலர் தமிழின் திருந்திய உச்சரிப்பைக் கற்றது இச்சபைகளிலேதான்.

ஆயினும் இவ்வமைப்பின் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் தாய் தந்தையரைப் பிரிந்தனர், இரவெல்லாம் விழித்தனர், அடியும் வசையும் பட்டனர், பொதுப் பள்ளிக் கல்வியை இழந்தனர். குரல் உடையும் பருவம் வந்தபோது வேலையிழந்து தெருவில் நின்றவரும் உண்டு. வறுமை காரணமாகப் பெற்றோர் பிள்ளையைச் சபைக்குக் கொடுத்தனர் என்பதே பெரும்பாலும் உண்மை. கலை வளர்ந்தது, அதற்குரிய விலையைக் குழந்தைகள் செலுத்தினர். அவ்விலையை இற்றைநாள் சட்டமும் மனமும் ஏற்கமாட்டா.

அச்சபையில் 1918-ஆம் ஆண்டிலேயே சேர்ந்த சிறுவருள், நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மக்களாகிய சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். இளையவர் பகவதியோடு சேர்ந்து இவர்களே பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர் எனப் பெயர்பெற்றனர். சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. சிறுவன் சண்முகம் நடிப்பதற்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் இயற்றினார் என்று சண்முகனார் தம் நூலில் எழுதியுள்ளார். பல மணி நேரம் நடக்கத்தக்க நாடகம். பாட்டும் வசனமும் யாவும் அடித்தல் திருத்தலின்றி ஓரிரவில் முடிந்தன. விடிந்ததும் பிள்ளைகள் பாடம் பயிலத் தொடங்கினர். இதனைக் கேட்போர் வியப்பர். ஆயினும் முப்பதாண்டு யாப்பும் தாளமும் மேடையும் பழகிய மனம் அது என்பதை நினைப்பின், ஓரிரவின் பின்னே எத்தனை ஆயிரம் இரவுகள் நின்றன என்பது விளங்கும்.

பேச்சற்ற ஆசிரியர்

இவ்வாறு சபை புகழ் பெற்றுவருங் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றியது. கையும் காலும் தளர்ந்தன. அதனினும் கொடிதாக, வாய் பேச்சற்றது. எந்த நாவினால் இரணியனாய் முழங்கினாரோ, எந்த நாவினால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னாரோ, அந்நா அடங்கிவிட்டது. அந்நிலையிலும் அவர் சபையோடு ஊர் ஊராய்ச் சென்றார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் நாள் இரவு, சபை புதுச்சேரியில் நாடகம் நடத்திவந்த காலத்தில், சுவாமிகள் அங்கேயே உலக வாழ்வை நீத்தார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து. மனைவியில்லை, மக்களில்லை, வீடும் நிலமும் இல்லை. அவர்தம் மாணாக்கரே அவர்க்கு மக்களாயினர்.

நாடகங்களின் அமைப்பு

சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் நாற்பதிற்கு மேற்பட்டன. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், பிரகலாதன், சிறுத்தொண்டர், சுலோசனா சதி, இலவகுசா, அல்லி அர்ஜுனா என்பன அவற்றுட் சில. வடமொழி மிருச்சகடிகத்தையும் ஷேக்ஸ்பியரின் சிம்பலினையும் தழுவியும் அவர் எழுதினார்.

இவற்றின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். பாத்திரம் மேடையில் தோன்றும்போது ஒரு விருத்தமோ பாட்டோ பாடும். அடுத்து வசனம் வரும். உணர்ச்சி மிகும் இடத்தில் மீண்டும் பாட்டு. இருவர் எதிர்ப்படும்போது பாட்டிலேயே வினாவும் விடையும் நிகழும். இதனைத் தர்க்கம் என்பர். கதை எல்லாரும் அறிந்ததே. ஆதலின் 'அடுத்து என்ன நிகழும்' என்னும் ஆவலைக் காட்டிலும், 'எவ்வாறு சொல்வார், எவ்வாறு பாடுவார்' என்னும் ஆவலே காண்போரை விடியும்வரை இருத்தும். தெருக்கூத்தின் உயிரை எடுத்து, புலவர் யாப்பில் வைத்து, பார்சிக் கொட்டகையின் திரைக்கு முன் நிறுத்தினார் சுவாமிகள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்வோம். குறவர் குலத்தில் வளர்ந்த வள்ளி தினைப்புனம் காக்கின்றாள். நாரதர் வருகின்றார், அவளோடு வாதிடுகின்றார், பின் முருகனிடம் சென்று அவளைப்பற்றிக் கூறுகின்றார். முருகன் வேடனாகி வருகின்றான்; வேங்கைமரமாய் நிற்கின்றான்; கிழவனாய் வந்து தேனும் தினைமாவும் கேட்கின்றான்; யானை வந்து அச்சுறுத்த, மணம் கைகூடுகின்றது. கதை இவ்வளவே. ஆயினும் வள்ளிக்கும் வேடனுக்கும் நிகழும் தர்க்கம், நடிகரின் புலமைக்கேற்ப மூன்று மணி நேரமும் செல்லும். மலைமகள் ஒருத்தி தேவர் தலைவனையே சொல்லால் மடக்குவது மக்களுக்குத் தீராத இன்பம். வத்தல்மலைமேல் சாமையும் கேழ்வரகும் விளைத்துப் பறவைக்கும் பன்றிக்கும் காவல் கிடக்கும் மக்களை அறிந்தவர்க்கு, வள்ளி கையிற் கவணோடு பரண்மீது நிற்கும் காட்சி புராணமாகத் தோன்றாது. அண்டை வீட்டுச் செய்தியாகவே தோன்றும். சுவாமிகளின் நாடகங்கள் பாமரர் நெஞ்சில் புகுந்ததன் இரகசியம் இதுவே.

அவர்க்குப் பின்

நாடகாசிரியர் மறைந்தபின் அவர் நாடகங்கள் மறையவில்லை. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சேர்ந்து நடித்துப் புகழ்கொண்டதற்கு வள்ளி திருமணம் ஒரு பெருங்கருவியாயிற்று. டி. கே. எஸ். சகோதரர் 1925-ஆம் ஆண்டு தம் சொந்தச் சபையாகிய மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கி, சமூக நாடகம், சரித்திர நாடகம் எனப் புதுவழி கண்டனர். ஆயினும் தம் ஆசிரியரை மறந்தாரல்லர். ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் என்றே பெயர்பெற்ற சண்முகனார், சுவாமிகளைத் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' எனப் போற்றி நூலும் எழுதினார்.

சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ் வேறொரு வழியில் அந்நாடகங்களைப் பயன்படுத்தினார். முருகனாய் வேடம் புனைந்து, வள்ளியின் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் இடத்தில், வெள்ளையராகிய பறவைகளை ஓட்டும் தேசியப் பாட்டைப் பாடுவார். கொட்டகை அதிரும், போலீசார் மேடையேறுவர். 1876-ஆம் ஆண்டு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையிலிருந்த அரசாங்கத்திற்குப் புராண நாடகமும் அச்சமூட்டியது. அவர் பன்முறை சிறை சென்றார். மருத்துவர் குலத்திற் பிறந்தமையால், அவரோடு இணைந்து நடிக்க மறுத்தவரும் இருந்தனர். தேசத்திற்காகச் சிறை சென்றவர்க்கும் சாதியின் சிறை திறக்கவில்லை. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணத்தில் முருகனாய் மயில்மீது அமர்ந்து பாடும்போதே அவர் உயிர் பிரிந்தது.

இந்நிகழ்ச்சி பிரெஞ்சு நாட்டு மொலியேரை நினைவூட்டும். அவரும் நாடகம் எழுதி நடித்தவர். 1673-ஆம் ஆண்டு தாம் எழுதிய நாடகத்தில் நோயாளியாக நடித்துக்கொண்டிருந்தபோதே நோய் முற்றி, அன்றிரவே இறந்தார். நடிகர் என்னும் காரணத்தால் அவரைத் திருச்சபையின் கல்லறையில் அடக்கம் செய்யவும் தடை எழுந்தது. மன்னன் தலையிட்டபின் இரவில் அடக்கம் செய்தனர். கூத்தனைக் கண்டு மகிழ்ந்து, கூத்தனை இகழும் குணம் ஒரு நாட்டிற்கோ ஒரு சமயத்திற்கோ உரியதன்று.

துருக்கியில் ஒரு தலைப்பாகை

கலை ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் செல்லும் முறைக்குத் துருக்கி நாட்டில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. 'ஓர்த்தா ஓயுனு' என்பது அந்நாட்டுத் தெருக்கூத்து. நடுவெளி ஆட்டம் என்பது அச்சொல்லின் பொருள். மேடையும் திரையுமின்றி, சுற்றிலும் மக்கள் அமர, வாத்தியம் முழங்க, எழுதிய பாடமின்றியே நடிப்பர். நம் கட்டியங்காரனைப்போல நகைச்சுவைக்குரிய பாத்திரம் ஒன்று உண்டு. பெரிய தலைப்பாகை அணிதலின், துருக்கியில் 'கவுக்' எனப்படும் அத்தலைப்பாகையின் பெயராலேயே அப்பாத்திரம் வழங்கும். இருபதாம் நூற்றாண்டில் கெல் ஹசன் என்னும் நடிகர் தம் தலைப்பாகையை இஸ்மாயில் தும்புல்லுவுக்கு அளித்தார். அவர் 1968-ஆம் ஆண்டு முனீர் ஓஸ்குலுக்கும், ஓஸ்குல் 1989-ஆம் ஆண்டு பெர்ஹான் சென்சாய்க்கும் அளித்தனர். சென்சாய் நாடகம் எழுதியும் நடித்தும் இயக்கியும் புகழ்பெற்றவர்; 1980-ஆம் ஆண்டு நடுவெளி ஆட்டக்காரர் என்று பொருள்படும் பெயரில் ஒரு குழுவை நிறுவினார்; 1987-ஆம் ஆண்டு தொடங்கிய தம் தனிநபர் நாடகத்தைப் பல்லாண்டு நடித்தார். 2016-ஆம் ஆண்டு தலைப்பாகையை ரசீம் ஓஸ்தெக்கினிடம் ஒப்புவித்து, 2021-ஆம் ஆண்டு மறைந்தார். பழைய துணியொன்று கைமாறுகின்றது. அதனோடு ஒரு மரபின் பொறுப்பும் கைமாறுகின்றது.

நம் நாட்டில் தலைப்பாகை இல்லை, பாடமே தலைப்பாகை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய இடங்களில் இன்றும் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் 'ஸ்பெஷல் நாடகம்' இதற்குச் சான்று. அதில் நிலையான சபை என்பது இல்லை. ராஜபார்ட் ஓரூரினர், ஸ்திரீபார்ட் வேறூரினர், பபூனும் டான்ஸ்காரியும் மற்றோரூரினர், ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுபவர் பிறிதோரூரினர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்து அழைக்கின்றனர். ஒத்திகை கிடையாது. முன்பின் பாராத இருவர், இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து, விடியுமட்டும் வள்ளியும் வேடனுமாய் வாதிடுகின்றனர். இஃது எங்ஙனம் இயலும்? இருவர் நெஞ்சிலும் சுவாமிகளின் பாடம் ஒன்றே இருத்தலால் இயலும். அவர் காலமாகி நூறாண்டு கடந்தும், தனித்தனி நடிகரை ஓரிரவில் ஒரு குழுவாக்கும் ஆற்றல் அவர் சொல்லுக்கு இருக்கின்றது. இதனினும் பெரிய நினைவுச் சின்னம் ஒரு நாடகாசிரியர்க்கு வேறென்ன வேண்டும்?

குறையும் நிறையும்

சுவாமிகளின் நாடகங்களில் குறை காண்போர் உண்டு. பாட்டு மிகுதி, புராணக் கதையே பெரும்பான்மை, வசனத்தில் எதுகை மோனை அளவிறந்தது, கற்பின் பெயரால் பெண்கள் படுந்துன்பத்தையே சிறப்பித்தார் என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. நல்லதங்காளின் துயரை இன்று காண்போர், அவள் தன் மக்களைக் கிணற்றிற் போட நேர்ந்த உலகத்தின் முறைமையை வினவாது அழுதுவிட்டு மட்டும் எழுதல் தகாது. ஆயினும், எழுத்தறியாதார் மிகப் பலராயிருந்த நாட்டில், வெண்பாவையும் விருத்தத்தையும் உழவன் வாயிலும் வண்டிக்காரன் வாயிலும் வைத்த பெருமை யாருக்கு உரியது? அச்சு நூல் எட்டாத ஊருக்குச் சிலப்பதிகாரத்துக் கோவலன் கதையை இசையோடு கொண்டுசென்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கூறுமிடத்துச் சுவாமிகளை விலக்கிப் பிறரைக் கூறுதல் அரிது.

நம் கடமை

புதுவைப் பல்கலைக் கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை இட்டுள்ளனர். கூத்தாடி என்று இகழப்பட்டவரின் பெயரால் பல்கலைக் கழகத்தில் ஒரு பள்ளி நிற்பது காலத்தின் நற்குறியே. எனினும் பெயரிடுதல் மட்டும் போதாது. நாடகப் பாடங்கள் நடிகர் வீட்டு நோட்டுப் புத்தகங்களிலும், பழைய மலிவுப் பதிப்புக்களிலும், முதிய பின்பாட்டுக்காரரின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கறையானும் மறதியும் ஒருங்கே அரிக்கின்றன. தெருக்கூத்து வாத்தியார்களின் பாடங்களின் நிலையும் அதுவே. அடியார்க்குநல்லார் இறந்துபோன நாடக நூல்களின் பெயர்களையேனும் எழுதிவைத்தார். நாம் பெயர்களையும் இழப்போமாயின், நமக்குப் பின் வருவோர்க்கு யாது விடை கூறுவோம்?

மாணவ அன்பர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லுங்கால், அங்கே கூத்துக் கட்டும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் அமர்ந்து அவர் பாடத்தை எழுதிக்கொள்ளுங்கள். அவர் இசைவு பெற்று அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்ததில் ஒரு படியை அவர்க்கே கொடுங்கள். ஏனெனில் அஃது அவருடைய உடைமை. அனைத்திற்கும் மேலாக, நாற்காலி இட்டு, 'ஐயா, அமருங்கள்' என்று சொல்லுங்கள். ஊருக்காக இரவெல்லாம் நின்று பாடியவரை, ஊர் ஒருநாளேனும் அமரச் செய்தல் வேண்டும். அதுவே சுவாமிகளுக்கு நாம் செலுத்தத்தக்க உண்மையான வணக்கமாகும்.